புழுக்கத்தில் மாரத்தான்: நள்ளிரவில் ஓடவிட்டால் போதுமா?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூர் 2025-இல் உலக நீர் விளையாட்டுப் போட்டிகளை நடத்தி முடித்துவிட்டது. 2029-இல் தென்கிழக்காசிய விளையாட்டுகள் மறுபடியும் இங்கே வருகின்றன. அப்படியானால் உலகத் தடகளப் போட்டியை, மாரத்தானையும் சேர்த்து, இங்கே நடத்தினால் என்ன? 2019-இல் டோஹாவில் பெண்கள் மாரத்தானில் அத்தனை பேர் பாதியில் நின்றார்கள். நம் ஊரிலோ ஆயிரக்கணக்கான பேர் ஆண்டுதோறும் முழு மாரத்தான் ஓடிவிட்டு நல்லபடியாக வீட்டுக்குப் போகிறார்கள். நள்ளிரவிலோ விடியலுக்கு முன்போ நடத்தினால் பிரச்சினை தீர்ந்துவிடாதா?

நான் இருபது வருடத்துக்கும் மேலாக இங்கே ஓடுகிறேன். கடந்த சில வருடங்களாக ஓட்டப் போட்டிகளில் முதலுதவிக் கூடாரத்திலும் நிற்கிறேன். என் பதில் இதுதான்: வெயிலுக்கு நேரத்தை மாற்றிக்கொள்ளலாம், புழுக்கத்துக்கு மாதத்தையும் ஊரையும்தான் மாற்ற வேண்டும். தமிழில் இந்த இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இருக்கிறது. போட்டி அட்டவணை போடுகிறவர்கள் பல சமயம் இரண்டையும் ஒன்றாகவே நினைத்துவிடுகிறார்கள்.

டோஹாவிலிருந்தே தொடங்குவோம். 2019 செப்டம்பர் 27, இரவு 11.59 மணி. கோர்னிஷ் என்ற கடற்கரைச் சாலையில் 68 பெண்கள் புறப்பட்டார்கள். அந்த நேரத்திலும் வெப்பநிலை 32 டிகிரிக்கு மேல், ஈரப்பதம் 70 விழுக்காட்டுக்கு மேல். முடித்தவர்கள் 40 பேர். 28 பேர் வழியிலேயே நின்றுவிட்டார்கள், எத்தியோப்பியாவின் மூவரும் அதில் அடக்கம். வென்றவர் கென்யாவின் ரூத் செப்ங்கெடிச், 2:32:43. உலகப் போட்டிகளில் பெண்கள் மாரத்தானை வென்ற நேரங்களில் மிகவும் மெதுவானது அதுதான். இதே செப்ங்கெடிச் அதே ஆண்டு ஜனவரியில் துபாயில் 2:17:08-இல் ஓடியிருந்தார். துபாயும் வளைகுடா ஊர்தான், அதுவும் கடலோர ஊர்தான். ஜனவரிக் காலைக்கும் செப்டம்பர் நள்ளிரவுக்கும் நடுவே பதினைந்து நிமிடத்துக்கு மேல் போய்விட்டது. (2025-இல் ஊக்கமருந்து விவகாரத்தில் அவர் தடை செய்யப்பட்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அந்த இரவில் ஓடிய மற்ற 67 பேரின் கதையும் வேறு மாதிரி இல்லை.)

இன்னொன்று கவனியுங்கள். எட்டு நாள் கழித்து அக்டோபர் 5-ஆம் தேதி, அதே சாலையில், அதே நள்ளிரவில் ஆண்கள் ஓடினார்கள். வெப்பநிலை சில டிகிரிதான் குறைந்திருந்தது, ஆனால் ஈரப்பதம் 50 விழுக்காட்டை ஒட்டி இறங்கியிருந்தது. எத்தியோப்பியாவின் லெலிசா டெசிசா 2:10:40-இல் வென்றார், பின்னால் வந்தவர்கள் நொடிக் கணக்கில் நெருங்கி வந்தார்கள். ஒரு சாம்பியன்ஷிப் மாரத்தானுக்கு அது கௌரவமான நேரம். ஊர் மாறவில்லை, மணி மாறவில்லை. மாறியது காற்றிலிருந்த நீர்.

அரங்கத்தின் கதை தனி. கலீஃபா அரங்கம் முழுவதும் குளிரூட்டப்பட்டிருந்ததால் அதற்குள் நீண்ட தூர ஓட்டம் எந்தச் சிக்கலும் இல்லாமல் நடந்தது. ஜோஷுவா செப்டெகெய் 10,000 மீட்டரை 26:48.36-இல் வென்றார். சாலைக்குக் குளிர்சாதனம் போட முடியாது என்பதால்தான் இந்தப் பேச்சே.

சரி, புழுக்கம் ஏன் இவ்வளவு பொல்லாதது? ஓடும் உடம்பு ஓர் அடுப்பு. 60 கிலோ எடையுள்ள ஒருவர் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால் மணிக்குச் சுமார் 1200 கிலோகலோரி எரிகிறது. அதில் அசைவுக்குப் போவது கால்வாசியோ அதற்கும் குறைவோதான். மீதி 900-க்கு மேல் வெறும் சூடாக உள்ளே சேர்கிறது. துணி தேய்க்கும் பெட்டி ஒன்றை வயிற்றுக்குள் வைத்து இரண்டு மணி நேரம் சுவிட்சைப் போட்டு வைத்தது மாதிரி. அந்தச் சூடு வெளியேற வழியே இல்லை என்று வைத்துக்கொண்டால் உடலின் வெப்பநிலை மூன்று நான்கு நிமிடத்துக்கு ஒரு டிகிரி ஏறும். 37-இலிருந்து ஆபத்தான 40-க்குப் போகப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் போதும்.

நல்ல வேளை, வழி இருக்கிறது. பெர்லினிலோ சிகாகோவிலோ 10 டிகிரிக் காலையில் ஓடுகிறவருக்குத் தோலைத் தடவிப்போகும் காற்றே பெருமளவு சூட்டை வாங்கிக்கொண்டு போய்விடும். 30 டிகிரியில் அந்த வழி ஏறக்குறைய அடைபட்டுவிடுகிறது. தோலே 34, 35 டிகிரியில்தான் இருக்கிறது, காற்றுக்கும் தோலுக்கும் அவ்வளவு வித்தியாசம் இல்லை. அப்புறம் மிஞ்சுவது வேர்வை ஒன்றுதான். ஒரு லிட்டர் வேர்வை முழுவதும் ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி சூட்டை எடுத்துக்கொண்டு போகும். ஆவியானால்தான். சொட்டித் தரையில் விழுந்த வேர்வை உடம்பிலிருந்து நீரையும் உப்பையும் கொண்டுபோவதோடு சரி, சூட்டை அது தொடவே இல்லை.

வேர்வை ஆவியாகும் வேகத்தைத் தீர்மானிப்பது, நனைந்த தோலின் மேலுள்ள நீராவி அழுத்தத்துக்கும் காற்றிலுள்ள நீராவி அழுத்தத்துக்கும் இடையே உள்ள வித்தியாசம். 35 டிகிரியில் நனைந்த தோலில் அது 5.6 கிலோபாஸ்கல். 40 டிகிரி வெயிலும் 20 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள ஒரு வறண்ட ஊரில் காற்றில் இருப்பது 1.5, அதாவது வித்தியாசம் 4.1. டோஹாவின் அந்த இரவில் காற்றில் 3.6 இருந்தது, வித்தியாசம் வெறும் 2. வெப்பமானியில் 40 காட்டும் ஊரைவிட 32 காட்டிய ஊரில் வேர்வைக்குப் பாதி வேலைதான் கிடைத்தது.

இப்போது நம் ஊருக்கு வருவோம். காலை 5 மணி, 26 டிகிரி, ஈரப்பதம் 92 விழுக்காடு. மதியம் 2 மணி, 32 டிகிரி, ஈரப்பதம் 65. இரண்டும் இங்கே சாதாரணமாகப் பார்க்கும் எண்கள்தான். பார்த்தால் மதியம் காற்று காய்ந்துவிட்டதைப்போல் தோன்றும். கணக்குப் போட்டால் இரண்டு நேரத்திலும் காற்றில் இருக்கும் நீராவி ஒன்றேதான், 3.1 கிலோபாஸ்கல். காற்று சூடாகும்போது அதன் கொள்ளளவு கூடுகிறது, அதனால் விழுக்காடு குறைகிறது. தண்ணீர் அப்படியே இருக்கிறது. காற்று எந்த வெப்பநிலைக்குக் குளிர்ந்தால் பனி படியத் தொடங்குமோ அதைப் பனிநிலை என்பார்கள். சிங்கப்பூரில் அது இரவு பகல் பாராமல் 24, 25 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. இளைஞர்களிடம் நான் எப்போதும் சொல்வது இதைத்தான்: கைப்பேசியில் ஈரப்பத விழுக்காட்டைப் பார்க்காதீர்கள், பனிநிலையைப் பாருங்கள்.

அதற்காக விடியலுக்கு முன் ஓடுவது வீண் என்று சொல்லவில்லை. சூரியன் இல்லை, காற்று ஐந்தாறு டிகிரி குளிர்ந்திருக்கிறது, அது பெரிய உதவி. இங்கே 4.30 மணிக்குக் கொடியசைக்கும் வழக்கம் சரியான வழக்கம். ஆனால் அது பிரச்சினையின் ஒரு பாதியைத்தான் தீர்க்கிறது.

நான் சொல்வதை நீங்களே வீட்டில் சோதித்துப் பார்க்கலாம். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஈஸ்ட் கோஸ்ட் பார்க்கில் இரண்டு மணி நேரம் ஓடினேன். கிளம்பும்முன் கழிவறைக்குப் போய்விட்டு, உள்ளாடையோடு எடை பார்த்தேன்: 62.4 கிலோ. வழியில் ஒரு சிறிய பாட்டிலும் கொஞ்சமுமாக 700 மில்லிலிட்டர் குடித்தேன். திரும்பி வந்து துடைத்துக்கொண்டு ஏறி நின்றால் 60.2. ஆக, போனது 2.9 லிட்டர். ஓடியது என்னவோ என் வயதுக்கான சாதாரண வேகம்தான், மணிக்குப் பத்துக் கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டும். அந்த 2.9 லிட்டரும் ஆவியாகியிருந்தால் நான் குளிரில் நடுங்கியிருக்க வேண்டும்! பாதிக்கு மேல் வீணாகச் சொட்டியது. அது எங்கே போனது என்று தேடவும் வேண்டியதில்லை. பத்தாவது கிலோமீட்டரிலேயே காலுறை முழுவதும் ஊறி, ஒவ்வோர் அடிக்கும் காலணி சளக் சளக்கென்றது. வீட்டு வாசலில் காலணியைக் கவிழ்த்தபோது தரையில் ஒரு குட்டையே நின்றது.

உங்கள் கேள்வியில் உள்ள புதிருக்கும் இதிலேயே விடை இருக்கிறது. நம்மவர்கள் ஐந்து மணி நேரத்தில் முடித்து மெடலோடு போகிறார்கள், உலகத்தின் தலைசிறந்த கால்கள் ஏன் மடங்குகின்றன? வேகம்தான் காரணம். உடம்பில் பிறக்கும் சூடு கிட்டத்தட்ட வேகத்தின் அளவிலேயே ஏறும். ஐந்து மணி நேரத்தில் முடிப்பவர் மணிக்கு எட்டரைக் கிலோமீட்டர் ஓடுகிறார். உயர்மட்ட வீரர் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் ஓடுகிறார், அடுப்பும் இரண்டு மடங்குக்கு மேல் எரிகிறது. அதைக் கழிக்கும் காற்றோ இருவருக்கும் ஒன்றே. மெதுவாக ஓடுகிறவர் முடியாவிட்டால் நடப்பார், கொஞ்சம் நின்று ஹண்ட்ரட் பிளஸ் குடிப்பார், நண்பரோடு ஒரு படம் எடுத்துக்கொள்வார். பதக்கத்துக்கு ஓடுகிறவருக்கு அந்த விட்டுக்கொடுப்பு இல்லை.

இன்னொரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். டோஹாவில் நின்ற 28 பேரும் மயங்கி விழுந்தவர்கள் என்று நினைக்கக் கூடாது. ஒரு தொழில்முறை மாரத்தான் வீரர் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறைதான் முழுத் தூரம் ஓட முடியும். பதக்கம் கைநழுவியது என்று தெரிந்ததும் அடுத்த போட்டிக்காகக் கால்களைக் காப்பாற்றிக்கொண்டு ஒதுங்குவது அவர்கள் பிழைப்பின் ஒரு பகுதி. ஆனாலும் சக்கர நாற்காலியிலும் தூக்குப்படுக்கையிலும் கொண்டுபோகப்பட்டவர்களை அந்த இரவில் உலகமே பார்த்தது. ஐந்தாவதாக வந்த பெலாரூஸ் வீராங்கனை நடத்தியவர்களை வெளிப்படையாகவே கண்டித்தார்.

அந்த ஓட்டத்தில் எனக்குப் பிடித்த பகுதி முன்னால் ஓடியவர்களுடையது இல்லை. மூன்றாவதாக வந்த நமீபியாவின் ஹெலாலியா யோஹன்னஸுக்கு அப்போது 39 வயது. ஆறாவதாக வந்த அமெரிக்காவின் ரொபெர்டா குரோனருக்கு 41, தாதியாக வேலை பார்த்துக்கொண்டே ஓடியவர். தங்களைவிட வேகமான நேரங்களை வைத்திருந்த பலரை இவர்கள் தாண்டிப்போனார்கள். புழுக்கத்தில் முதல் பத்துக் கிலோமீட்டரில் கடன் வாங்கினால் முப்பதாவதில் கந்துவட்டியோடு கட்ட வேண்டும் என்பது அனுபவசாலிகளுக்குத் தெரிந்திருந்தது.

நம் ஊர் வரலாறும் இதையேதான் சொல்கிறது. சிங்கப்பூரின் மாரத்தான் சாதனையை 23 ஆண்டுகளுக்கு மேல் வைத்திருந்தவர் எம். ரமேஷன், நம் தமிழர். நேரம் 2:24:22. எங்கே ஓடினார்? 1995 டிசம்பரில், சியாங் மாயில், தென்கிழக்காசிய விளையாட்டுகளில். வட தாய்லாந்தில் டிசம்பர் விடியல் எப்படி இருக்கும் என்று போனவர்களுக்குத் தெரியும், சட்டைக்கு மேல் ஒன்று போடத் தோன்றும். அந்தச் சாதனையை 2019-இல் சோ ருய் யோங் முறியடித்தார், 2:23:42. அது தென்கொரியத் தலைநகர் சோலில், மார்ச் மாதத்தில். அதே சோ 2015 ஜூனில் சொந்த ஊரில் தங்கம் வென்றபோது நேரம் 2:34:56. 2017 ஆகஸ்டில் கோலாலம்பூரில் தங்கம் வென்றபோது 2:29:27. இடையில் அவர் வளர்ந்தார், தங்கத்துக்கு ஓடுவது நேரத்துக்கு ஓடுவதிலிருந்து வேறு என்பதும் உண்மை. ஆனாலும் பதினோரு நிமிடத்தில் காற்றுக்கு ஒரு நல்ல பங்கு உண்டு.

இந்தக் காற்றிலேயே ஓடி வளர்ந்தவர்களை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும். பி. சி. சுப்பையா 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடியவர். 1973-இல் அவர் ஓடிய 31:19.0 என்ற தேசியச் சாதனை 2014 வரை, 41 வருடம் நின்றது. கே. ஜெயமணி 1983-இல் சிங்கப்பூரில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுகளில் பெண்கள் மாரத்தானில் தங்கம் வென்றார், மூன்று மணி நேரத்தைச் சற்றே தாண்டி. அந்தக் காலத்தில் ஐஸ் மேலங்கியா, வெப்பக் கூடமா, ஒன்றும் கிடையாது. இவர்கள் பெயர்கள் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று யோசித்தால் வருத்தமாக இருக்கிறது.

அதனால்தான் 'சூடான ஊர்களில் சாம்பியன்ஷிப்பே வேண்டாம்' என்ற வாதத்தை நான் ஏற்பதில்லை. அப்படிச் சொன்னால் பூமத்திய ரேகையைச் சுற்றி வாழும் பாதி உலகம் பார்வையாளர் வரிசையிலேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். தவிர, குளிர்ந்த நாடுகளும் இதில் அடிபட்டிருக்கின்றன. 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக் மாரத்தானில் சரிந்து விழுந்த போர்ச்சுகலின் பிரான்சிஸ்கோ லாசரோ மறுநாள் இறந்தார். 1954-இல் வான்கூவரில் ஜிம் பீட்டர்ஸ் பல நிமிடம் முன்னிலையில் அரங்கத்துக்குள் வந்து, திரும்பத் திரும்ப விழுந்து, முடிக்காமலே போனார். 1984 லாஸ் ஏஞ்சலிஸில் கேப்ரியேலா ஆண்டர்சன்-ஷீஸ் கடைசிச் சுற்றைத் தள்ளாடித் தள்ளாடி முடித்ததைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

டோஹாவுக்குப் பிறகு பயந்துபோனவர்கள் ஒலிம்பிக் குழுவினர்தான். டோக்கியோ ஒலிம்பிக் மாரத்தானை 2019 அக்டோபரில் ஒரே அடியாக வடக்கே சப்போரோவுக்கு மாற்றினார்கள். டோக்கியோ நகரம் சாலைகளில் வெப்பத்தைக் குறைக்கும் பூச்செல்லாம் அடித்து வைத்திருந்தது, ஆளுநர் யுரிகோ கொய்கே மனமில்லாமல்தான் ஒத்துக்கொண்டார். கடைசியில் 2021 ஆகஸ்டில் சப்போரோவிலும் சூடு விடவில்லை. பெண்கள் ஓட்டத்தை முதல் நாள் மாலை அவசரமாக ஒரு மணி நேரம் முன்னுக்கு, காலை 6 மணிக்கு, கொண்டுவந்தார்கள். மறுநாள் ஆண்கள் ஓட்டத்தில் 106 பேர் புறப்பட்டு 30 பேர் நின்றார்கள். எலியட் கிப்சோகே மட்டும் ஏதோ வேறு ஊரில் ஓடுவதுபோல 2:08:38-இல் வந்து சேர்ந்தார்.

முதல் நாள் மாலை ஒரு மணி நேரம் மாற்றுவது கேட்க எளிதாக இருக்கும். மூன்று மணிக்கு எழுந்து, கணக்காகச் சாப்பிட்டு, கணக்காகக் குடித்துப் பழகிய ஒருவர் படுக்கப்போகும் நேரத்தில் அந்தச் செய்தி வருகிறது. எண்களை முன்கூட்டியே எழுதி வைக்காததால் வரும் வினை இது. 2025 செப்டம்பரில் உலகப் போட்டி டோக்கியோவிலேயே நடந்தபோதும் மாரத்தானைக் காலை 7.30-க்கு முன்னகர்த்தினார்கள். பெண்களில் பெரெஸ் ஜெப்சிர்சிர் 2:24:43-இல், வெறும் இரண்டு நொடி வித்தியாசத்தில் வென்றார். ஆண்களில் தான்சானியாவின் அல்ஃபான்ஸ் சிம்புவும் ஜெர்மனியின் அமனால் பெட்ரோஸும் ஒரே நேரத்தில், 2:09:48-இல், கோட்டைத் தொட, புகைப்படத்தை வைத்துத்தான் சிம்புவுக்குத் தங்கம் கொடுத்தார்கள். சூட்டிலும் அழகான ஓட்டம் நடக்கும் என்பதற்கு அந்த இரண்டு நாளும் சாட்சி.

உடம்பு பழகிக்கொள்ளும் என்பதும் உண்மை. பத்திலிருந்து பதினான்கு நாள் சூட்டில் தொடர்ந்து பயிற்சி செய்தால் இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், வேர்வை சீக்கிரமே வரத் தொடங்கும், அதில் உப்புக் குறையும், அதே வேகத்தில் இதயம் குறைவாக அடிக்கும். ஓட்டத்துக்கு முன் ஐஸ் மேலங்கி போட்டுத் தோலைக் குளிர வைப்பதும், அரைத்த ஐஸை விழுங்குவதும் பலன் தருகின்றன. டோஹாவில் சில வீரர்கள் வெப்பநிலையை வெளியே அனுப்பும் மாத்திரையை விழுங்கிவிட்டே ஓடினார்கள், அவர்களால் நமக்கு நிறையத் தெரியவந்தது. ஆனால் பழக்கத்துக்கு ஓர் எல்லை உண்டு. பழகிய உடம்பு அதிகமாக வேர்க்கும். அந்த வேர்வையை வாங்கிக்கொள்ளக் காற்றில் இடமில்லாவிட்டால் கூடுதல் வேர்வையால் என்ன பயன்? வறண்ட சூட்டில் கிடைக்கும் முழுப் பலன் புழுக்கத்தில் கிடைக்காது.

பணமும் இதில் குறுக்கே வருகிறது. வசதியான நாட்டின் அணி மூன்று வாரம் முன்பே வந்து விடுதி எடுக்கும், வெப்பக் கூடத்தில் பழகும், மருத்துவரையும் ஐஸ் இயந்திரத்தையும் கூடவே கொண்டுவரும். ஏழை நாட்டு வீரர் இரண்டு நாள் முன்பு விமானத்திலிருந்து இறங்குவார். 1500 மீட்டர் ஓட்டத்தில் இந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. புழுக்கத்தில் ஓடும் மாரத்தானில் இதுவே பதக்கத்தைத் தீர்மானித்துவிடும். எனக்கு இதில் பெரிய மனக்குறை உண்டு.

இனி முதலுதவிக் கூடாரம். இதை நீங்கள் நேரில் பார்த்திருந்தால் நான் ஏன் இப்படிப் பிடிவாதமாகப் பேசுகிறேன் என்று புரியும். சில வருடங்களுக்கு முன் ஓர் அரை மாரத்தான் முடிவுக் கோட்டில் நின்றிருந்தேன். முப்பது வயது இருக்கும், ஒருவர் கோட்டைத் தாண்டியதும் நிற்காமல் பக்கத்துத் தடுப்பை நோக்கி ஓடினார். பிடித்து நிறுத்திப் பெயர் கேட்டேன். "இன்னும் ரெண்டு கிலோமீட்டர் இருக்கு, விடுங்க," என்று என்னோடு சண்டைக்கு வந்தார். தோல் முழுவதும் நனைந்திருந்தது. வெப்பத்தாக்கு வந்தால் தோல் காய்ந்திருக்கும் என்று பலர் படித்திருப்பார்கள், ஓடும்போது வருவதற்கு அது பொருந்தாது. நெற்றியில் வைத்த கருவி 37.8 என்றது. மருத்துவர் அதை நம்பவில்லை, மலக்குடல் வெப்பமானியை வைத்தார்: 41.3.

நால்வர் தூக்கி ஐஸ் தொட்டியில் கழுத்துவரை இறக்கினோம். ஒருவர் தலையைத் தாங்கிக்கொண்டார், நான் தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருந்தேன். கலக்காவிட்டால் தோலை ஒட்டிய தண்ணீர் சூடாகி உறைபோல நின்றுவிடும். கை மரத்துப்போனது. பன்னிரண்டு நிமிடத்தில் 38.9-க்கு வந்தது, வெளியே எடுத்தோம். கண்ணைத் திறந்து சுற்றிப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "என் மெடல் எங்கே?" அதற்குப் பிறகுதான் ஆம்புலன்ஸ் கிளம்பியது.

அந்த வரிசை முக்கியம்: முதலில் குளிர வைப்பது, பிறகு கொண்டுபோவது. அமெரிக்காவின் ஃபால்மத் சாலை ஓட்டத்தில் 18 ஆண்டுகளில் வெப்பத்தாக்கு வந்த 274 பேரையும் அங்கேயே ஐஸ் தொட்டியில் இறக்கினார்கள், 274 பேரும் பிழைத்தார்கள். தொட்டி இருந்தால் காப்பாற்றக்கூடிய ஒன்று இது. தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தால் வராது என்று நினைப்பதும் தவறு. வேகம் சூட்டை உண்டாக்குகிறது, குடிக்கும் தண்ணீர் அதை அணைப்பதில்லை. அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் உப்புக் குறைந்து வேறோர் ஆபத்து வரும்.

சிங்கப்பூரில் நடத்தலாமா என்ற கேள்விக்கு இப்போது நேராகவே வருகிறேன். அரங்கப் போட்டிகளை நடத்தலாம், இரவில் 5,000, 10,000 மீட்டர் ஓட்டங்களையும் கவனத்தோடு நடத்தலாம். உயர்மட்ட மாரத்தானை அதே வாரத்தில் ஜூன், ஆகஸ்டு, செப்டம்பர் என்று எங்கேயாவது ஒட்டிவைக்கக் கூடாது. டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரிவரை பருவமழை பெய்து ஓய்ந்த விடியல்களில் இங்கே 23, 24 டிகிரி வரும், பனிநிலையும் கொஞ்சம் இறங்கும். நம் ஊர் தரக்கூடிய மிக நல்ல காற்று அதுதான். 2007 ஒசாகா உலகப் போட்டியின் சூட்டில் மாரத்தானை வென்ற கென்யாவின் லூக் கிபெட், அங்கே எடுத்துக்கொண்டது 2:15:59. அதே கிபெட் 2009 டிசம்பரில் சிங்கப்பூர் மாரத்தானை 2:11:25-இல் வென்றார். மாதத்தைச் சரியாகத் தேர்ந்தால் இந்தத் தீவிலும் தரமான ஓட்டம் பார்க்கலாம். மாரத்தானைத் தனியாகப் பிரித்து 2030 முதல் அதற்கென்றே ஓர் உலகப் போட்டி நடத்தும் திட்டத்தை உலகத் தடகள அமைப்பு அறிவித்திருக்கிறது. எத்தனையோ வருடம் முன்பே செய்திருக்க வேண்டிய காரியம், இப்போதாவது வந்ததே என்று சந்தோஷம்.

பாதை விஷயத்தில், நகரின் உயரக் கட்டடங்களுக்கு நடுவே ஓடவிடுவதைத் தவிர்க்கலாம். பகலில் குடித்த சூட்டைக் கான்கிரீட் இரவெல்லாம் கக்கிக்கொண்டிருக்கும். 2019-இல் இங்கே மாரத்தானை மாலை 6 மணிக்கு மாற்றிப் பார்த்தபோது அதை உள்ளங்காலிலேயே உணர்ந்தேன். கடலோரமாக, குறுகிய சுற்றாக இருந்தால் ஒவ்வொரு வீரரும் சில நிமிடத்துக்கு ஒருமுறை ஐஸையும் மருத்துவரையும் தாண்டிப்போவார்.

எல்லாவற்றுக்கும் மேலாக, நிறுத்தும் எண் ஒன்று வேண்டும். ஈரத்துணி சுற்றிய வெப்பமானிக்கு 70 விழுக்காடு, வெயிலில் வைத்த கறுப்புக் கோளத்துக்கு 20, சாதாரண வெப்பமானிக்கு 10 என்று கூட்டி வரும் டபிள்யூபிஜிடி அளவு நமக்குப் புதிதில்லை. தேசிய சேவை என்ற கட்டாயப் படைப்பயிற்சி செய்த ஒவ்வொருவருக்கும் வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு, கறுப்பு என்ற நிறங்கள் மனப்பாடம். கறுப்பு என்றால் கடுமையான பயிற்சி நிற்கும், அதில் அதிகாரி யார் என்ற பேச்சுக்கே இடமில்லை. 2023 முதல் வானிலை ஆய்வகம் அதே அளவைப் பொதுமக்களுக்கும் சொல்கிறது: 31-க்குக் கீழே குறைவு, 33-ஐத் தொட்டால் அதிகம். பதினெட்டு வயதுப் பையனுக்கு நாம் கொடுக்கும் அந்தப் பாதுகாப்பை உலகச் சாம்பியனுக்கும் கொடுக்க வேண்டும். எந்த எண்ணில் தள்ளிவைப்பது, எந்த எண்ணில் ரத்து செய்வது என்று ஒரு வருடம் முன்பே அச்சிட்டு, முடிவை மருத்துவரின் கையில் கொடுத்துவிட வேண்டும். ஒளிபரப்பு நேரத்தை விற்றுவிட்டவர் கையில் அது இருக்கக் கூடாது.

2029 அட்டவணையில் மாரத்தான் இருந்தால், அதற்கு எதிரே எந்த மாதம், எத்தனை மணி என்பதைத்தான் நான் முதலில் தேடுவேன். பக்கத்தில் அந்த எண்ணும் அச்சாகியிருந்தால், தொட்டியில் ஐஸ் கொட்டக் காலை மூன்று மணிக்கே வந்து நிற்கிறேன். உங்களையும் அழைத்துப்போகிறேன், தண்ணீரைக் கலக்க ஆள் எப்போதும் குறைவாகத்தான் இருக்கும்.